எழுத்தறிவிப்போர் கற்ற கதை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே அமைந்த ஊர் கண்டமங்கலம். ஊரை ஒட்டிப் புகைவண்டிப் பாதை செல்கிறது. சற்றுத் தொலைவு சென்றால் புதுச்சேரி எல்லை வந்துவிடும். என் பாட்டனார் காலத்தில் எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இப்பால் ஆங்கிலேயர் ஆட்சி. அவ்விரு கொடிகளையும் பற்றி என் பாட்டனார் அதிகம் பேசியதில்லை. தாம் எழுத்துக் கற்ற திண்ணையைப் பற்றித்தான் ஓயாமல் பேசுவார்.

எனக்கு ஐந்து வயது நடந்தபோது, அதாவது 1964 ஆம் ஆண்டில், அவர் சங்கராபரணி ஆற்று மணலைச் சலித்தெடுத்து வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் பரப்பினார். என்னை மடியருகே இருத்தி, என் சுட்டுவிரலைத் தம் கையால் பற்றி, மணலில் அகரத்தை இழுத்தார். இழுக்கும்போதே வாயாலும் சொல்லச் செய்தார். பள்ளியில் சேர்வதற்கு முன் நான் கற்ற முதற்பாடம் அதுவே. அப்போது அவர் சொன்ன ஒரு சொல் இன்றும் என் செவியில் இருக்கிறது. “தம்பி, எங்க வாத்தியார் விரலைப் பிடிச்சாலே போதும். எந்த எழுத்து நமக்கு வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்” என்றார். அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்குவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. அவ்விருபது ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளை நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலேயே கழித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேயர்களே, பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவர் ஆசிரியர். எழுத்தறிவிப்பது எப்படி என்பதை அந்த ஆசிரியருக்கு அறிவித்தவர் யார்? இந்த வினாவுக்கு நம் நாட்டு வரலாறு தரும் விடையை என் அனுபவத்தோடு சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன்.

பழைய திண்ணைப் பள்ளியின் முறை எளியது. புதிதாக வந்த பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதுவான். எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்வான். கை தேறிய பின் ஓலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வரும். எழுதுவது ஒரு பாடம், படிப்பது வேறொரு பாடம் என்ற பிரிவு அங்கே இல்லை. கையும் வாயும் செவியும் ஒரே காலத்தில் ஒரே எழுத்தைக் கற்றன. முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவர்களுள் மூத்தவன் சட்டாம்பிள்ளை. மணலுக்கு விலையில்லை, தவறாக எழுதினால் கையால் நிரவிவிட்டு மீண்டும் எழுதலாம். தவற்றின் சுவடே எஞ்சாத எழுதுபலகை உலகில் அது ஒன்றுதான் என்று நான் எண்ணுவதுண்டு.

அத்திண்ணையைப் பொற்காலம் என்று புகழ நான் வரவில்லை. அங்கே பிரம்பு ஓயாது பேசியது. பொருள் அறியாத மனப்பாடம் மிகுதி. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே வந்தனர். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் அத்திண்ணையில் ஏறும் உரிமையே இல்லை. ஆசிரியருக்குப் பயிற்சிப் பள்ளியும் கிடையாது. தம் ஆசிரியர் செய்ததைக் கண்டு அவரும் செய்தார், அவ்வளவே. ஆயினும் அவர் அறிந்திருந்த ஒன்றை, பின்னால் வந்த பலர் அறியாமற் போயினர். அந்த மறதி எங்கே தொடங்கியது என்று தேடினால், நாம் சென்னை எழும்பூருக்குச் செல்ல வேண்டும்.

எழும்பூரில் ஆங்கிலப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி 1789 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். எழுத்துக் கற்கும் தொடக்க வகுப்பு அவருக்குப் பெருந்தலைவலியாக இருந்தது. ஒருநாட் காலையில் குதிரைமீது சென்றுகொண்டிருந்தவர், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்காட்சி அவர் உள்ளத்தில் பதிந்தது. திரும்பி வந்து, தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்குமாறு உதவியாசிரியரிடம் கூறினார். அவரோ அது நடவாத காரியம் என்று தட்டிக் கழித்தார். பெல் விடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிறுவனை அழைத்துத் தொடக்க வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

இந்நிகழ்ச்சியை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லுவோர் உண்டு. நான் அதனை வேறுவிதமாகப் பார்க்கிறேன். அந்த உதவியாசிரியர் பிடிவாதக்காரராகவே இருந்திருக்கலாம். ஆனால் மணலில் எழுதுவிப்பது எப்படி என்று அவருக்கு எவரேனும் கூட இருந்து காட்டினார்களா? ஆணைதான் பிறந்தது. செய்யென்று சொல்வது வேறு. செய்து காட்டுவது வேறு. பிரிஸ்கனோ தானே சில ஆண்டுகளுக்கு முன் அதே எழுத்துக்களோடு போராடியவன். எங்கே இடறும் என்பது அவன் கால்களுக்கே தெரியும்.

பெல் 1796 இல் கப்பலேறினார். மறு ஆண்டு இலண்டனில் தம் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் பயனாக ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதனை ஒத்த முறையில் ஒரு பள்ளியை 1798 இல் தொடங்கினார். பெல்லின் கொள்கையைப் பரப்ப 1811 இல் ஒரு பெருஞ்சங்கம் தோன்றியது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மணற்பலகையில் எழுதத் தொடங்கினர். நம் மணல் கடல் கடந்து சென்றது, சட்டாம்பிள்ளையும் சென்றான். ஆனால் எதற்காகச் சென்றன? ஓர் ஆசிரியரைக் கொண்டே ஆயிரம் பிள்ளைகளை மலிவாகப் படிப்பிக்கலாம் என்ற கணக்குக்காக! லங்காஸ்டர் அவ்வாறே பெருமையுடன் எழுதினார். விரலைப் பிடித்தவுடன் பிள்ளையின் இடர்ப்பாட்டை அறிந்த அந்த ஆசிரியரின் கை மட்டும் கப்பலேறவில்லை.

ஆயிரம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டு எண்களைப் பாருங்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். எங்கள் தென்னார்க்காடும் அக்கணக்கில் அடங்கும். 1826 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10 ஆம் நாள் அவர் அதன் முடிவைத் தொகுத்து எழுதினார். மாகாண மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, படித்தவர்கள் 1,88,650. இவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் 15 பிள்ளைகள் வருகின்றனர். இலண்டனில் ஓர் ஆசிரியருக்கு ஆயிரம். நம் திண்ணையில் பதினைந்து. பதினைந்து பேரின் விரல்களை ஒருவர் பிடிக்கலாம். ஆயிரம் பேரின் விரல்களை எவர் பிடிப்பது?

அக்கணக்கெடுப்பின்போது பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் என்பவர் 1823 இல் அனுப்பிய அறிக்கை குறிப்பிடத்தக்கது. முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குக் கற்பிக்கும் முறையையும், செலவின்றி எழுதப் பழக்கும் திறத்தையும் அவர் மனமாரப் பாராட்டினார். இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தக்கதே என்றார். ஆனால் அதே அறிக்கையில் ஒரு குறையையும் எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் எண்ணற்ற செய்யுட்களை ஒப்பிக்கிறார்கள். பொருளைப் பொறுத்தவரை கிளிக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரியும் என்பது அவர் கருத்து. தகுதி வாய்ந்த ஆசிரியர்கள் இல்லாமையையும் அவர் சுட்டினார்.

மன்றோ அந்தக் குறையின் வேரைத் தேடினார். ஆசிரியரின் மாத வருவாய் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் இல்லை. அத்தொகைக்குத் தகுதியுடையோர் எவ்வாறு வருவர் என்று கேட்டார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி வேண்டும், மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகாக்களிலும் அரசின் பள்ளிகள் வேண்டும் என்று திட்டம் வகுத்தார். மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும், தாலுகாப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் குறித்தார். ஆனால் 1827 ஜூலையில் மன்றோ வாந்திபேதி கண்டு மறைந்தார். அவர் திட்டத்தில் எழுந்த பள்ளிகள் 1836 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டன. பின்னர் 1854 ஆம் ஆண்டுக் கல்வி ஆணை ஆசிரியர் பயிற்சியை வற்புறுத்தியது. 1856 இல் சென்னையில் அரசினர் நார்மல் பள்ளி தோன்றியது. அதுவே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. இவ்வாறு, எழுத்தறிவிப்போர்க்கு எழுத்தறிவிக்கும் கலை அரசின் கடமையாக ஏற்கப்பட்டது. அன்று முதல் மாவட்டந்தோறும் பயிற்சிப் பள்ளிகள் மெல்ல மெல்லப் பெருகின.

இதற்கிடையே மணல் மீண்டும் ஒருமுறை நம் கரைக்கு வந்தது. இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 இல் ரோமாபுரியில் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கியவர். உப்புத்தாளில் எழுத்து வடிவத்தை வெட்டி ஒட்டி, அதன்மீது குழந்தை விரலை ஓட்டியவாறே ஒலியைச் சொல்லச் செய்வது அவர் கண்ட முறை. அவர் 1939 ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெறக் கூடினர். போர் மூண்டமையால் நாடு திரும்ப இயலாமல், 1946 வரை இந்நாட்டிலேயே தங்கிப் பயிற்சி அளித்தார். அம்மையார் முறையில் பயிற்சி பெறுவோர் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்தால் போதாது. ஒவ்வொரு கருவியையும் தாமே கையாண்டு பழக வேண்டும். குழந்தை செய்வதைத் தலையிடாமல் நெடுநேரம் உற்று நோக்க வேண்டும். விரல், ஒலி, மணல் ஆகிய மூன்றும் அடையாற்றில் ஒன்று கூடின. எங்கள் ஊர்த் திண்ணையில் அவை ஏற்கெனவே கூடியிருந்தன. அம்மையார் அவற்றோடு சேர்த்தது, உற்றுநோக்கும் பழக்கத்தை ஆசிரியர்க்குப் பயிற்சியாக்கியதே ஆகும். ஆயினும் அவ்வழி பெரும்பாலும் நகரத்துச் சிறு பள்ளிகளில் நின்றுவிட்டது. கிராமப் பள்ளி வரை வரவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். 1977 முதல் 1979 வரை நான் ஆசிரியர் பயிற்சி பெற்றேன். எழுத்து முறை, சொல் முறை, வாக்கிய முறை என்று கற்பிக்கும் முறைகளை வகை வகையாகப் படித்தோம். அகர வரிசையில் தொடங்காமல், எளிய வடிவுடைய ட, ப, ம என்னும் எழுத்துக்களில் தொடங்கினால் ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று பொருளுள்ள சொற்களை உடனே படிக்கலாம் என்று கற்றோம். அது நல்ல முறையே. பாடக்குறிப்பேடு எழுதினோம், வண்ண அட்டைகள் செய்தோம், பெரியவர்கள் முன்னிலையில் மாதிரிப் பாடம் நடத்தினோம். மாதிரிப் பாடத்திற்கு வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே முன்வரிசையில் அமர்த்துவோம். வினா எழுப்பினால் சட்டென்று விடை வரும். மதிப்பெண்ணும் வரும். அவ்விரண்டு ஆண்டுகளில், எழுத்தே வராத ஒரு குழந்தையின் அருகில் ஒரு மணி நேரம் நான் தனித்து அமர்ந்ததில்லை.

ஒரே ஒரு முறைதான் எங்களுக்கு எழுதக் கற்கும் குழந்தையின் துன்பம் சற்றே விளங்கிற்று. 1978 ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. பெரியார் ஈ. வெ. ரா. 1935 இலிருந்தே தம் ஏட்டில் கையாண்டு வந்த வடிவங்களைத் தழுவியது அந்த ஆணை. கா, சா என்பவற்றுக்குத் தனியே கால் வரும். ஆனால் ணா, றா, னா என்பவற்றுக்குப் பழைய எழுத்தில் வேறு சுழி. கை, சை என்பவற்றுக்கு முன்னே கொம்பு வரும். ஆனால் ணை, லை, ளை, னை என்பவற்றுக்கு மேலே யானைத் தும்பிக்கை போன்ற வளைவு. இவற்றையும் இவற்றைச் சார்ந்த ணொ, ணோ முதலியவற்றையும் சேர்த்து 13 எழுத்துக்கள் பொது விதிக்குள் வந்தன. விதி எளிதாயிற்று; எங்கள் கைகளுக்கோ அது எளிதாக இல்லை. கரும்பலகையில் ‘மலை’ என்று எழுதப் போனால் கை தானாகத் தும்பிக்கையை இழுத்துவிடும். எங்களுக்குக் கற்பித்தவர்களும் எழுதி, அழித்து, மீண்டும் எழுதினார்கள். சில திங்கள் நாங்கள் எல்லோருமே தொடக்க வகுப்புப் பிள்ளைகளாயினோம். அந்த அனுபவத்தைப் பற்றி யாரேனும் எங்களை அன்று சிந்திக்கச் செய்திருந்தால், பின்னால் நான் செய்த ஒரு பிழை நேராதிருந்திருக்கும்.

அப்பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1980 இல் நான் பணியில் சேர்ந்தேன். சில ஆண்டுகள் கழித்து, என் நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். முத்துக் கோத்தாற்போல் எழுதுவான். அவன் குறிப்பேட்டை வருவோர்க்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். ஒருநாள் மாலை அவன் தாயார் கையில் ஒரு கடிதத்துடன் பள்ளிக்கு வந்தார். கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்றிருந்தார். “ஐயா, இவங்கப்பா கடுதாசி போட்டிருக்காரு. இவனை வாசிக்கச் சொன்னா வாய் தெறக்க மாட்டேங்கிறான். நீங்கதானே நல்லா எழுதறான்னு சொன்னீங்க?” என்றார். சிறுவன் தலை குனிந்து நின்றான். நான் கடிதத்தை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவன் வாசிக்கவில்லை. ஒரு பலகையை எடுத்து, அக்கடிதத்தின் முதல் வரியை அப்படியே அழகாகப் பார்த்து எழுதினான்.

அவனுக்கு எழுத்துக்கள் கோலங்களாகத் தெரிந்தன, ஒலிகளாகத் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் பள்ளிக்கு வந்த பிள்ளை அவன். அவற்றுள் இரண்டு ஆண்டுகள் என் வகுப்பு. நான் முறைகளின் பெயரையெல்லாம் அறிந்தவன், சான்றிதழ் பெற்றவன். அவனைத் தேர்ச்சி பெற்றவனாக எழுதியவனும் நானே. அந்தத் தாய் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன், கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் முதல் மாலையில் அவனுடன் அமர்ந்தேன். பாட்டனார் நினைவு வந்து, மணலைப் பரப்பினேன். அவன் விரலைப் பிடித்தபோதுதான் பல உண்மைகள் புலனாயின. ‘பானா, டானா, மானா’ என்று எழுத்தின் பெயரைச் சொன்னான். அம்மூன்றும் சேர்ந்தால் ‘படம்’ ஆவது எப்படி என்று அவனுக்கு எவரும் காட்டவில்லை. பெயர் வேறு, ஒலி வேறு என்பது எனக்கு வெளிப்படை. அவனுக்கு அது சுவர். அதனைத் தாண்டியபின், கொம்பு வந்த இடங்களில் நின்றான். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. கண் முதலில் காண்பதை வாய் இறுதியில் சொல்ல வேண்டும். இதனை நான் அதுவரை ஒரு சிக்கலாகவே எண்ணியதில்லை. கொம்புகளைக் கடக்கப் பல வாரங்கள் ஆயின. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவன் தந்தையுடன் பெங்களூருக்குச் சென்றுவிட்டான். செல்வதற்கு முன் வந்த ஒரு கடிதத்தை, தட்டுத் தடுமாறி, தாய்க்கு அவனே வாசித்துக் காட்டினான். அவனுக்கு முன் எத்தனை பேரை அழகிய கையெழுத்தோடு வெளியே அனுப்பினேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

பாட்டனார் சொல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. விரலைப் பிடிப்பது எழுத்தை ஊட்டுவதற்கு மட்டும் அன்று. பிள்ளையை அறிவதற்கும் அதுவே வழி. ஆசிரியர்க்குரிய பயிற்சி என்பதும் அதுவே.

அதன்பின் புதிய முறைகள் பல வந்தன. ஆந்திர நாட்டு ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட அட்டை முறையைச் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் 2003 இல் சென்று கண்டு வந்தனர். அன்றைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் அதற்கு ஊக்கமளித்தார். செயல்வழிக் கற்றல் என்னும் பெயரில் அது 2007 இல் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. ஏணிப்படியும் அட்டைகளும் வந்தன. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார். அந்த ஒரு மாற்றத்திற்காகவே நான் அம்முறையை வணங்கினேன். அருகில் அமர்ந்து நோக்கிய ஆசிரியரிடம் அது பலன் தந்தது. அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதே கடமை என்று எண்ணிய இடங்களில், பிள்ளைகள் அட்டைகளை மாற்றினார்களே அன்றிப் படிப்பில் மாறவில்லை.

காரணம் என்ன? முறையைக் கண்டவர்கள் நேரில் கண்டார்கள். அவர்கள் சிலருக்குச் சொன்னார்கள். அச்சிலர் பலருக்குச் சொன்னார்கள். ஏரி மதகில் திறந்த நீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து கடைமடைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதை எங்கள் பக்கத்து உழவர்கள் அறிவர். பயிற்சியும் அவ்வாறே. கடைமடையில் வந்து சேர்ந்தது முறையின் பெயரும் கையேடும் மட்டுமே. எழும்பூரில் பெல்லின் உதவியாசிரியருக்கு நேர்ந்ததும் இதுதானே!

நான் 2017 இல் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்தன. அதன் இழப்பை ஈடுசெய்ய, 2021 ஆம் ஆண்டு அக்டோபர் 27 ஆம் நாள் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலைதோறும் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அடுத்த ஆண்டு, 2022 ஜூன் 13 அன்று, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கிற்று. 8 வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். குழந்தைகளை வயதால் அன்றித் திறனால் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பகுத்து, அவரவர் நின்ற இடத்திலிருந்து கற்பிக்க வேண்டும் என்றது. திண்ணை ஆசிரியர் செய்ததும் அதுதான். ஆனால் எக்குழந்தை எங்கே நிற்கிறது என்று கண்டறியும் கண் ஆசிரியருக்கு வேண்டும். அக்கண்ணைத் திறப்பதே பயிற்சியின் வேலை.

இதற்கு நான் கூறும் வழி ஒன்றே. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு மாணவ ஆசிரியரிடமும், படிக்க வராத ஒரே ஒரு குழந்தையை ஒப்படையுங்கள். ஓர் அரையாண்டு அக்குழந்தையோடு அமரட்டும். அக்குழந்தை எங்கே இடறுகிறது, ஏன் இடறுகிறது என்று நாள்தோறும் எழுதட்டும். அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் வாரம் ஒருமுறை கூட அமர்ந்து பார்க்கட்டும். மாதிரிப் பாடமும் பாடக்குறிப்பேடும் அதன்பின் வரலாம்.

இவ்வாறு பேசுகிற நான் கற்று முடித்தவன் அல்லேன். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எங்கள் தெருத் தன்னார்வலராக இருந்த பட்டதாரிப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, ஒரு பையன் கொம்பு வந்தாலே நின்னுடறான். கையேட்டுல இருக்கிறதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்” என்றார். நான் மணற்பலகையை எடுத்துக்கொண்டு உடன் சென்றேன். 37 ஆண்டு அனுபவத்தோடு, கொம்பை முதலில் போட்டு எழுத்தைப் பின்னே எழுதி, பத்து முறை சொல்ல வைத்தேன். பையன் விழித்தான். அப்பெண் சற்றுத் தயங்கி, “நான் ஒண்ணு செஞ்சு பார்க்கட்டுமா ஐயா?” என்று கேட்டார். மணலை நிரவினார். முதலில் ‘க’ என்று எழுதி, அவனை அதன் ஒலியைச் சொல்லச் செய்தார். பிறகு அதன் இடப்பக்கத்தில் கொம்பை மெல்ல இழுத்து, இழுக்கும்போதே அந்த ஒலியைக் ‘கெ’ என்று மாற்றிக் காட்டினார்.

எழுதும் வரிசை அதுவன்று என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். அவர் எழுதும் வரிசையைக் காட்டவில்லை; ஒலிக்கும் வரிசையைக் காட்டினார். பையன் மணலில் ‘ப’ எழுதி, தானே கொம்பைச் சேர்த்து, ‘பெ’ என்றான். அன்று மாலைக்குள் ‘பெட்டி’ வந்தது, ‘செடி’ வந்தது. நான் பல வாரங்களில் கடத்தியதை அப்பெண் ஒரே மாலையில் கடத்தினார்.

எப்படித் தோன்றிற்று என்று கேட்டேன். “அவன் விரல் முதல்ல எங்க போகுதுன்னு பார்த்தேன் ஐயா” என்றார்.

வீட்டிற்கு வந்து, என் பழைய பாடக்குறிப்பேடு ஒன்றைத் தேடியெடுத்தேன். அதன் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அன்றைய தேதியிட்டு, அப்பெண் செய்த முறையை அதில் எழுதி வைத்தேன். பயிற்சிப் பள்ளிகளில் பணியாற்றும் அன்பர்கள் எவரேனும் இதனைக் கேட்டால், அக்குறிப்பைத் தம் மாணவர்க்குச் சொல்லாமல், ஒரு தட்டில் மணலைப் பரப்பி, ஒரு குழந்தையின் அருகில் அவர்களை அமர்த்திக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.